'இருந்தாலும்' என்னும் சொல்

பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு சிறுகதை எழுதினோம். கடற்கரையிலிருந்து மீன்கூடை சுமந்துவரும் பெண்ணொருத்தி அதில் வருவாள். அவளை அறிமுகப்படுத்தும் இடத்தில், கறுப்பாக இருந்தாலும் களையான முகம் என்று எழுதியிருந்தோம். கையெழுத்துப் படியை வாசித்த நம் தங்கை, "இந்த 'இருந்தாலும்' யாருடையது, அண்ணா? கதையில் வரும் மாமியாருடையதா, உங்களுடையதா?" என்று கேட்டாள். அவளும் கறுப்பு நிறத்தவளே. பெண் பார்க்க வந்தவர்கள் அந்தச் சொல்லை எத்தனை முறை அவள் காதுபடச் சொல்லியிருப்பர் என்பதை அன்றுதான் எண்ணிப் பார்த்தோம்.

கதையில் மனிதரின் நிறத்தைச் சொல்வதே குற்றமா? அல்லவென்றே கருதுகிறோம். நம் உழவர்களைப் பாருங்கள். மாட்டின் நிறத்தைச் சொல்ல அவர்களிடம் காரி, செவலை, மயிலை என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. காரியாக இருந்தாலும் நல்ல காளை என்று எவரும் சந்தையில் பேசியதை நாம் கேட்டதில்லை. மாட்டுக்குக் கிடைக்கும் இந்த நேர்மை மனிதருக்குக் கிடைப்பதில்லை. கறுப்பு என்றெழுதக் கூசும் பேனா மாநிறத்தில் ஒதுங்குகிறது; மணமகள் தேவை விளம்பரமோ கோதுமையைத் துணைக்கு அழைக்கிறது.

பழந்தமிழ் இவ்வளவு கூசவில்லை. சங்க அகப்பாடல்களில் தலைவியின் மேனிநிறம் மாமை எனப்படும். அச்சொல்லுக்குக் கருமை என்றும் அழகு என்றும் அகராதிகள் பொருள் தருகின்றன. தலைவன் பிரிந்தபோது அந்த மாமையை அழித்துப் படர்வது பசலை. அதாவது, மேனி வெளிறுவதே அங்கே அழகின் இழப்பு. நிறம் அப்பாடல்களில் வெறும் அடையாளமாக நிற்கவில்லை. உள்ளத்தில் நிகழ்வதை உடல் சொல்லும் மொழியாக இருந்தது.

நம்மை உறுத்திய அந்த இடைச்சொல் திருநூலின் மொழிபெயர்ப்பிலும் குறுக்கிடுகிறது. இனிமைமிகு பாடலின் முதல் அதிகாரத்தில் தலைவி தன் கறுப்பையும் தன் அழகையும் ஒரே மூச்சில் சொல்கிறாள். எபிரேய மூலத்தில் அவ்விரண்டையும் இணைப்பது 'வாவ்' என்னும் ஒற்றை எழுத்து. அது 'உம்' என்றும் பொருள்படும். இடம் நோக்கி 'ஆனால்' என்றும் பொருள்படும். எழுபதின்மரின் கிரேக்கப் பெயர்ப்பு 'உம்' என்றே கொண்டது. புனித எரோணிமுஸின் இலத்தீன் பெயர்ப்பு 'ஆனால்' என்றது. பின்வந்த பெயர்ப்புகள் பலவும் அவ்வழியே சென்றன. 1989இல் வெளியான திருத்திய ஆங்கிலப் பெயர்ப்பொன்று மீண்டும் 'உம்' என்பதற்குத் திரும்பியது. அப்பெண் தன் நிறத்துக்குக் காரணமும் கூறுகிறாள்: உடன்பிறந்தார் அவளைத் திராட்சைத் தோட்டக் காவலுக்கு அனுப்பினர், வெயில் அவளைக் காய்ச்சியது. ஆக, அவளுடைய கறுப்பில் ஒரு குடும்பத்தின் கதையே அடங்கியிருக்கிறது. 'ஆனால்' என்று படிக்கும்போது அதே கறுப்பு மன்னிப்புக் கோரும் குறையாகிவிடுகிறது.

எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிறத்தால் மனிதரைத் தரம்பிரிக்கும் ஊரைப் பற்றி எழுதுபவர் அந்தச் சொல்லை முற்றிலும் விலக்கினால் அது பொய்யாகும். மாமியார் சொல்லட்டும், தரகர் சொல்லட்டும், அவர்கள் சொல்வதைக் கேட்டு அந்தப் பெண் என்ன செய்தாள் என்பதையும் கதை காட்டட்டும். கதாபாத்திரம் பேசினால் அது அவர் குணம். கதைசொல்லியே பேசினால் வாசகரும் அறியாமல் தலையாட்டிவிடுகிறார். தங்கை பிரித்துக் கேட்டது இதைத்தான். இலக்கணத்தில் சிறியதொரு வேறுபாடு, அறத்தில் அவ்வாறல்ல.

அன்றிரவு அச்சொல்லை அடித்தோம். அடித்தபின் மீதி வாக்கியமும் நிற்கவில்லை. களையான முகம் என்றோமே, எந்த முகம்? கூடைக்காரி நாள்தோறும் நம் வாசலில் இறக்கிவைத்தவள்; சும்மாடு அழுத்திய நெற்றியும் செதில் ஒட்டிய முன்கையும் உடையவள். அவள் கண்கள் எப்படி இருந்தன என்று நினைவுகூர முயன்றோம், இயலவில்லை. மறுநாள் காலை அவள் குரல் கேட்டபோது, வழக்கம்போல் தங்கையை அனுப்பாமல் நாமே பாத்திரத்தோடு வாசலுக்குச் சென்றோம்.