ரத்த சம்பந்தம்

ஒருவருக்கு வந்த நோய் யாருக்குச் சொந்தம்? வந்தவருக்கு மட்டும்தான் என்பது நாகரிகமான பதில். பரம்பரையாக வரும் குறைக்கு அந்தப் பதில் பொருந்தாது என்று நினைக்கிறேன்.

ஆன்டித்ராம்பின் என்று ஒரு புரதம். கல்லீரல் அதைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. கையை வெட்டிக்கொண்டால் ரத்தம் உறைய வேண்டும். உறைந்துகொண்டே போகக் கூடாது. உறைய வைக்கும் த்ராம்பினைப் பிடித்து முடக்குவது இதன் வேலை. இது பாதி அளவே இருப்பவர்களுக்குக் காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் கட்டி உருவாகலாம். அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. 1965இல் நார்வேயைச் சேர்ந்த ஓலாவ் எகெபெர்க் இந்தக் குறையை முதன்முதலில் விவரித்தார். அவர் ஆராய்ந்தது ஒரு குடும்பத்தை. அப்படிப் பார்த்தால்தான் இது கண்ணில் படும். தனி ஆளிடம் பார்த்தால் வெறும் கால்வீக்கம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

எங்கள் ஊர் திருவண்ணாமலை. பெரியம்மாவின் மூத்த மகளுக்குப் பிரசவமான இரண்டாவது வாரம் இடதுகால் வீங்கியது. ரத்தக்கட்டு. கட்டி இருக்கும்போது எடுக்கும் அளவை நம்ப முடியாது என்று சில மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுத்தார்கள். அப்போதும் ஆன்டித்ராம்பின் குறைவு. கூடப்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர்.

"வெளிய யாரும் மூச்சு விடக் கூடாது. சின்னவளுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றார் பெரியம்மா. சென்னையில் வேலை பார்க்கும் அந்தச் சின்னவளிடமும் 'பிரசவ வீக்கம்' என்றே சொல்லி வைத்திருந்தார்கள்.

பெரியம்மாவின் பயத்தை அறியாமை என்று தள்ள முடியாது. ஜாதகத்தில் செவ்வாய் இருந்தாலே பேச்சை முறித்துக்கொள்கிறவர்கள், ரத்தத்தில் குறை என்று கேட்டால் உட்காரவா போகிறார்கள்?

ஆனால் இந்த ஊரில் இன்னொரு விஷயம் உண்டு. தீபம், பௌர்ணமி கிரிவலம் என்றால் 'நாள் தள்ளிப்போட' மாத்திரை வாங்கும் பெண்கள் நிறைய. (நிலவுக்கும் மாதவிடாய்க்கும் ஏறக்குறைய ஒரே இடைவெளி. ஒருமுறை மோதினால் அடுத்தடுத்த மாதங்களும் மோதும்.) கோயிலுக்குள் போகத்தான் என்றில்லை, பதினான்கு கிலோமீட்டர் தார் ரோட்டில் நடக்கவும் இதே மாத்திரைதான். பெரும்பாலும் நோரெதிஸ்டெரோன். அந்த அளவில் சாப்பிடும்போது அதில் ஒரு சிறு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் ரத்தம் கட்டும் வாய்ப்பைக் கூட்டும். மற்றவர்களுக்கு அது சின்ன ரிஸ்க். ஆன்டித்ராம்பின் குறைந்தவளுக்கு அப்படியில்லை. சின்னவள் ஒவ்வொரு தீபத்துக்கும் மாத்திரை போடுகிறவள்.

தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். தீர்வே இல்லாத நோயென்றால் அந்த உரிமைக்குப் பெரிய மதிப்பு. இங்கே தெரிந்தால் ஒரு மாத்திரையை விடலாம், பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி வைக்கலாம். ஹெபாரின் ஊசி வேலை செய்வதே ஆன்டித்ராம்பின் வழியாகத்தான், அதனால் அது குறைந்தவர்களுக்கு ஊசியின் அளவைக்கூட மாற்ற வேண்டி வரலாம். மேலும், தெரிய வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அவளுக்காக வேறொருவர் சொன்னார்.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வது வேறு கேள்வி. அதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் அவளுக்கு மட்டும் போன் செய்து சொன்னேன்.

"அக்காவுக்குத் தெரியுமா நீ சொல்றது?"

"தெரியும். அவதான் ரிப்போர்ட்ட அனுப்பினா."

டெஸ்ட் எடுத்தாள். அளவு சரியாகவே இருந்தது. "பாத்தியா, ஒண்ணுமில்லாததுக்குப் புள்ளைய பயமுறுத்தின" என்ற பெரியம்மா அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. ரிசல்ட் நல்லபடியாக வந்ததால் மறைத்தது சரியாகிவிடுமா? காசைச் சுண்டுவதற்கு முன்னால் எடுத்த முடிவு அது.

அக்காவுக்கு இது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இன்னும் தெரியவில்லை. பெரியம்மா வழியென்றால் என் அம்மாவுக்கும் எனக்கும் இருக்கலாம். போன வாரம் நானும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். பெரியப்பா வழியென்றால் அவருடைய தங்கைக்கு மூன்று பெண்கள். மூத்தவளுக்கு ஆவணியில் கல்யாணம். தேதி குறித்தபிறகு அவளும் மாத்திரைக் கடைக்குத்தான் போவாள்.