விசா வரும்வரை என்ன வேண்டிக்கொள்வது?

ஆன்மிகம்: கேள்வி – பதில்

கேள்வி: என் கணவர் மெல்போர்னில் வேலை பார்க்கிறார். ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்றவர். திருமணம் முடிந்து அவர் திரும்பிப் போனதும், 309 என்று சொல்லப்படும் துணைவர் விசாவுக்கு விண்ணப்பித்தோம். கட்டணமே ஏறக்குறைய ஐந்து லட்சம் ரூபாய். விசா கிடைக்காவிட்டால் அந்தப் பணமும் திரும்பாது. ஊரிலேயே ரயில் ஏறிச் சென்னைக்குப் போய் மருத்துவப் பரிசோதனையும் முடித்துவிட்டேன். நான் எம்.எஸ்சி. சைக்காலஜி படித்தவள். கிளினிகல் சைக்காலஜி எம்.ஃபில்.லுக்கும் விண்ணப்பித்திருக்கிறேன். அந்தப் படிப்பு 2025-26 கல்வியாண்டு வரை மட்டுமே செல்லும் என்று 2024 ஜனவரியில் யு.ஜி.சி. சொன்னதில் இருந்து எல்லோரும் முண்டியடிக்கிறார்கள். காலையில் கண் விழித்ததும் கை போனைத்தான் தேடுகிறது. விசா கணக்கைத் திறந்தால் ‘ரிசீவ்ட்’ என்று அதே சொல். கோயிலுக்குப் போனாலும் சாமியிடம் தேதிதான் கேட்கிறேன். எனக்குப் பக்தி குறைந்துவிட்டதா?

*– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, போடிநாயக்கனூர்*

பதில்: குறையவில்லை, சகோதரி. கஷ்டத்தில் இருப்பவர் கடவுளிடம் தேதி கேட்காமல் வேறு என்ன கேட்பார்?

பிரிந்திருக்கும் தம்பதியர் சேர வேண்டும் என்றால் சுந்தர காண்டம் படிக்கச் சொல்வது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அசோகவனத்தில் சீதை கல்லைப் போல அசையாமல் உட்கார்ந்திருக்கவில்லை. அழுகிறாள், புலம்புகிறாள், ராமனுக்குத் தன் நினைவு இருக்கிறதா என்று சந்தேகப்படுகிறாள். ராவணன் விதித்த கெடுவில் இரண்டு மாதம்தான் மிச்சம். இனி ஒரு மாதம்தான் உயிர் தரிப்பேன் என்று ராமனிடம் சொல்லும்படி அனுமனிடம் அவளே சொல்லி அனுப்புகிறாள். அவளும் நாள்களை எண்ணியவள்தான். அதனால் அவள் பக்தி குறைந்தது என்று யாரும் சொன்னதில்லை.

ஆனாலும் தேதியோடு வேண்டுதலை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் ஊர் மலையில் காய் எடுக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஏலச்செடியில் ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், முற்றின காயும் இருக்கும். அவர்கள் விரல் முற்றினதை மட்டும் கழற்றிக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விடும். பிஞ்சைப் பறித்தால் காய் உலர்த்தும் ஸ்டோர் சூட்டில் சுருங்கி ஒன்றுக்கும் உதவாமல் போகும். மாதம் ஒன்றோ ஒன்றரையோ கழித்து அதே செடிக்கு மறுபடி வருவார்கள்.

இன்றைக்கு உங்கள் கையில் முற்றியிருப்பது எது? நுழைவுத் தேர்வுக்கான பாடம். பத்திரப்படுத்த வேண்டிய சான்றிதழ்கள். கணவரோடு விசாவைப் பற்றிப் பேசாத ஒரு மாலைப் பேச்சு. விசா முடிவு இன்னும் பிஞ்சு. முடிவு எடுத்தால் தகவல் மின்னஞ்சலுக்கு வந்துவிடப் போகிறது. ஆகவே அந்தக் கணக்கைத் திறப்பதை வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றிய பிறகு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாள்களில், “தேதி உன் இஷ்டம், இன்றைக்குரிய வேலையைச் செய்ய எனக்குத் தெம்பு கொடு” என்று கேளுங்கள். வேண்டுதலால் வரிசை குறைகிறதோ இல்லையோ, வரிசையில் நிற்பவருக்குக் கால் நோகாமல் இருக்கும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், அதைக் கோயிலோடு விட்டுவிடக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாளைக்கு ஆலோசகர் நாற்காலியில் உட்காரப் போகிறவர் நீங்கள். எதிர் நாற்காலியில் உட்காரக் கூச்சப்படலாமா?

கேள்வி: பண விவகாரம், குடும்ப நிர்வாகம், ஊரும் உறவும் எங்களைத் தம்பதியாக அறிந்திருப்பது, ஒருவர்மீது ஒருவர் கொண்ட உறுதி என்று நான்கு வகையில் ஆதாரம் கேட்கிறார்கள். வாட்ஸ்அப் பேச்சைப் படம் பிடித்தோம். கல்யாணப் பத்திரிகையை மட்டுமல்ல, மொய் நோட்டின் பக்கங்களைக்கூட, தாய்மாமன் செய்முறை என்று எழுதியதோடு, ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பினோம். தாலி கட்டிய உறவை முகம் தெரியாத அதிகாரியிடம் நிரூபிப்பது தெய்வத்துக்கே அடுக்காது என்கிறார் என் அப்பத்தா. எனக்கும் மனசு கூசுகிறது.

*– அதே வாசகி*

பதில்: அதே சுந்தர காண்டத்தை அப்பத்தாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

ராமனின் தூதன் என்று சொல்லிக்கொண்டு ஒரு குரங்கு வந்து நிற்கிறது. சீதை உடனே நம்பிவிடவில்லை. இதுவும் ராவணன் போட்ட வேஷமோ என்று பயப்படுகிறாள். ராமனுக்கும் லட்சுமணனுக்கும் என்னென்ன அடையாளம், சொல் பார்க்கலாம் என்று கேட்கிறாள். அனுமன் கோபித்துக்கொள்ளவில்லை. தலை முதல் கால் வரை ராமனின் அங்க அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, பிறகு கணையாழியைக் கொடுக்கிறான்.

திரும்பும்போது அவன் சீதையிடம் அடையாளம் கேட்கிறான். அவள் சூடாமணியைக் கொடுக்கிறாள். அது நகை, எப்படியும் வேறொருவர் கைக்குப் போகக்கூடியது. அதனால் கணவன் மனைவி இருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களையும் சொல்லி அனுப்புகிறாள். சித்திரகூடத்தில் ஒரு காக்கை தன்னைக் கொத்தியதும் ராமன் புல்லை எடுத்து அஸ்திரமாக ஏவியதும் ஒன்று. தன் கன்னத்தில் ராமன் விளையாட்டாக இட்ட திலகம் இன்னொன்று. உலகத் தாய் என்று நாம் கும்பிடுகிறவளே ஆதாரம் கேட்டாள், ஆதாரமும் கொடுத்தாள். தூரம் இடையில் வந்துவிட்டால் அன்புக்கும் அடையாளம் தேவைப்படுகிறது. உங்கள் மொய் நோட்டு அந்த வகை.

அப்பத்தாவுக்கு அக்கினிப் பிரவேசம் நினைவுக்கு வந்திருக்கலாம். அந்தக் கலக்கம் நியாயமானது. அங்கே சோதிக்கப்பட்டது ஒரு பெண்ணின் நடத்தை. இங்கே அதிகாரி உங்கள் நடத்தையை எடைபோடவில்லை. விசாவுக்காகவே போலியாகச் செய்யும் கல்யாணங்கள் இருப்பதால், இது மெய்யான குடும்பமா என்று மட்டும் பார்க்கிறார். கூச வேண்டியது பொய் சேர்ப்பவர்கள். இரண்டு கடிதத்தை நாமே தயார் பண்ணிவிடலாம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். தர்மம் ஒருபக்கம் இருக்கட்டும். போலி ஆவணம் என்று தெரிந்தால் விசா மறுக்கப்படுவதோடு மூன்று ஆண்டுத் தடையும் வரலாம்.

கேள்வி: மேலே எழுதியிருக்கும் பெண்ணின் தகப்பன் நான். போடிமெட்டுக்கு அப்பால் கொஞ்சம் ஏலத்தோட்டம். 2019 ஆகஸ்டில் கிலோ ₹7,000 தொட்ட சரக்கு, பிறகு ஆயிரத்துக்குக் கீழேயும் வந்தது. கடன் வாங்கித்தான் விசாவுக்குக் கட்டினோம். மகளுக்கு ஏழரைச் சனி நடக்கிறதாம், அதனால்தான் விசா தள்ளிப்போகிறதாம். குச்சனூரில் பரிகாரமும் வீட்டில் ஹோமமும் செய்யச் சொல்லி ஜோதிடர் பெரிய தொகை கேட்கிறார். செய்யட்டுமா?

*– வாசகர், போடி மலைப்பகுதி*

பதில்: குச்சனூருக்குக் கட்டாயம் போய் வாருங்கள், ஐயா. சுருளியாற்றுப் பக்கத்து ஊர்களில் இருப்பவர்களுக்குச் சுயம்பு சனீஸ்வரரைவிட அருகில் யார் இருக்கிறார்? ஆடிச் சனிக்கிழமை என்றால் கூட்டம் நெரியும், சாதாரணச் சனிக்கிழமையில் போங்கள். எள் தீபம், காக்கைக்கு ஒரு பிடி சோறு. இதற்கு ஜோதிடர் வேண்டாம், கடனும் வேண்டாம்.

அந்தத் தலத்தின் கதை உங்களைப் போன்ற தகப்பனுக்குப் பிடிக்கும். தினகரன் என்ற அரசனுக்குச் சனி தோஷம். அவன் எடுத்து வளர்த்த பிள்ளை சந்திரவதனன், “அப்பாவின் கஷ்டத்தை எனக்குக் கொடு” என்று சனீஸ்வரரிடம் வேண்டிக்கொண்டான். அவன் அன்பைப் பார்த்து இரங்கிய சனீஸ்வரர், ஏழரை நாழிகை மட்டும் அவனைச் சோதித்துவிட்டு விலகினார் என்பது தல வரலாறு. ஏழரை நாழிகை என்றால் மூன்று மணி நேரம். மகளின் பாரத்தை நான் சுமக்கிறேனே என்று நீங்கள் துடிப்பது அந்தச் சன்னதிக்குப் புதிதல்ல. பணத்தால் சுமக்க வேண்டியதில்லை. அவள் முகம் பார்த்து, “ஆகிறபோது ஆகட்டும், நீ படி” என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதி பாரம் இறங்கிவிடும்.

ஜோதிடத்தையும் அதன் கணக்குப்படியே பார்ப்போம். சனி ஒரு ராசியில் இரண்டரை ஆண்டு இருக்கிறார். ஆகவே எந்த நாளில் பார்த்தாலும் பன்னிரண்டில் மூன்று ராசிக்காரர்களுக்கு ஏழரை நடந்துகொண்டுதான் இருக்கும். உங்கள் மகளோடு அந்த விசா வரிசையில் நிற்பவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு ஏழரைச் சனி. மற்ற மூன்று பேருக்கும் விசா ஒன்றும் மறுநாளே வந்துவிடவில்லை. பயத்துக்கு விலை வைப்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அந்தப் பணத்தைக் கடனில் அடையுங்கள், சனீஸ்வரர் சந்தோஷப்படுவார்.

கேள்வி: நிமான்ஸ் போன்ற மனநல நிறுவனத்தில் எம்.ஃபில். சேரக் கூப்பிட்டு, அதே வாரத்தில் விசாவும் வந்துவிட்டால் எதை விடுவது? இரண்டும் வராமல் போனால் அது விதியா? இதே யோசனையில் படிக்க முடியவில்லை.

*– முதல் வாசகி*

பதில்: இரண்டுமே வராத நேரத்தில் இரண்டுக்கும் நடுவில் சண்டை மூட்டிவிட்டு நீங்களே பஞ்சாயத்து பண்ணுகிறீர்கள், சகோதரி.

கவலையைக் கேள்வியாக மாற்றுங்கள். கேள்விக்குப் பதில் உண்டு, கவலைக்குக் கிடையாது. விசா கிடைத்தால் முதல் முறை எந்தத் தேதிக்குள் அங்கே போய் இறங்க வேண்டும்? இறங்கிவிட்டு இங்கே திரும்பிப் படிப்பை முடிக்கலாமா? எம்.ஃபில். இரண்டு ஆண்டு. இந்தியாவில் கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்று தொழில் செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிய வேண்டும். ஆஸ்திரேலியாவில் ‘சைக்காலஜிஸ்ட்’ என்ற பட்டத்துக்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. வெளிநாட்டில் படித்தவர்களின் தகுதியை அங்குள்ள சைக்காலஜி வாரியம் மதிப்பிட்ட பிறகே பதிவு தரும். நீங்கள் படித்ததும் படிக்கப்போவதும் அங்கே எவ்வளவு தூரம் செல்லும் என்பதை இப்போதே எழுதிக் கேட்கலாம். இவற்றை ஒரு தாளில் எழுதி, யாரிடம் கேட்பது என்று பக்கத்தில் குறித்து, தாளை மடித்து வைத்துவிட்டுப் பாடத்தை எடுங்கள்.

விதியைப் பற்றிக் கேட்டீர்கள். வள்ளுவர் ஊழ் என்ற அதிகாரத்தை 38-ஆவதாக, அறத்துப்பாலின் கடைசியில் வைத்தார். ஊழைவிட வலியது எதுவும் இல்லை என்று அங்கே முடிக்கிறார். பொருட்பாலுக்கு வந்து 62-ஆவது அதிகாரமான ஆள்வினையுடைமையின் கடைசிக் குறளில், தளராமல் முயல்பவர் அந்த ஊழையே முதுகு காட்டி ஓடச் செய்வார் என்கிறார். இது முரண் என்று எனக்குத் தோன்றவில்லை. காரியம் முடிந்து, நடந்ததை ஏற்றுக்கொள்ள வேண்டிய நேரத்துக்கு முதலாவது மருந்து. வேலை மிச்சம் இருக்கும் நேரத்துக்கு இரண்டாவது. உங்களுக்குத் தேர்வு இன்னும் நடக்கவில்லை, விசா இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் விதியைக் கூப்பிட்டால் வேலைக்கு முன்னால் கூலி கேட்டதாகிவிடும்.

கேள்வி: ஹைதராபாத் பக்கம் சில்கூர் பாலாஜியை ‘விசா பாலாஜி’ என்கிறார்களே, போய் வேண்டிக்கொண்டால் விசா நிச்சயமா?

*– வாசகர், தேவாரம்*

பதில்: விசா கொடுப்பது தூதரகமும் குடிவரவுத் துறையும்தான். ஆனால் அந்தக் கோயிலில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அங்கே உண்டியலே கிடையாது. வேண்டிக்கொள்கிறவர்கள் 11 சுற்று வருகிறார்கள், காரியம் கைகூடினால் திரும்பி வந்து 108 சுற்று. கொடுப்பதெல்லாம் கால் நடைதான். நடக்க நடக்க மனப் படபடப்பு அடங்குகிறது என்பது நடந்தவர்களுக்குத் தெரியும். அவ்வளவு தூரம் போக வசதி இல்லாதவர்கள் போடி பரமசிவன் மலையில் ஏறி இறங்கலாம். பலன் குறையாது.

கேள்வி: அந்தப் பெண்ணின் மாமியார் நான். “மருமகள் இன்னும் இங்கேதானா?” என்று போகிற விசேஷத்தில் எல்லாம் கேட்கிறார்கள். என்ன சொல்வது? நான் ஏதாவது விரதம் இருக்கட்டுமா?

*– வாசகி, உத்தமபாளையம்*

பதில்: “ஆமாம், இங்கேதான் இருக்கிறாள், நல்லா இருக்கிறாள். நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க” என்று சொல்லுங்கள், அம்மா. அதற்குமேல் கேட்பவர்களுக்கு இன்னொரு வடை வைக்கச் சொல்லுங்கள்.

விரதமும் சொல்கிறேன். ஒரு மண்டலம், 48 நாள், மருமகளிடம் “ஏதாச்சும் தகவல் வந்துச்சா?” என்று கேட்காமல் இருங்கள். மகனிடமும் போனில் கேட்கக் கூடாது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத விரதத்தைவிட இது கடினம். முடித்துவிட்டீர்கள் என்றால், விசா வந்தாலும் வராவிட்டாலும், அந்தப் பெண் உங்களை ஆயுசுக்கும் மறக்க மாட்டாள்.