ஒரு மணிக் காற்று

கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்குக் குடிவரும் எவருக்கும் முதல் கோடையில் கிடைக்கும் ஆறுதல் ஒன்றுதான்: "பழகிடும்." வீட்டுத் தரகர் சொன்னார், பால்காரர் சொன்னார், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஏசியின் காற்றைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டே சொன்னார். இங்கே வந்து பல கோடைகள் ஓடிவிட்டன. அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் எது பழகுகிறது, எது பழகுவதே இல்லை, யாருக்குப் பழகுகிறது என்று பிரித்துப் பார்த்தால் அந்த ஆறுதல் அவ்வளவு எளிதாக ஜீரணமாவதில்லை.

முதலில் வந்த குழப்பம் எண்களில். கோவையிலும் ஏப்ரலில் 37 டிகிரி வரும். வெயில் உறைக்கும். ஆனால் ஒரு வேப்பமரம் கிடைத்தால் போதும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நெற்றி வியர்வையை இரண்டு நிமிடத்தில் துடைத்துவிடும். சென்னையில் 35 டிகிரிதான் என்று செய்தியில் வாசித்த நாளிலும் நிழல் உதவுவதில்லை. குளித்துவிட்டுத் துவட்டினால், துவட்டியது தண்ணீரையா வியர்வையையா என்பதே தெரியாது. கொடியில் கிடக்கும் துண்டுக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கும்.

வியர்ப்பதால் உடம்பு குளிர்வதில்லை, வியர்வை ஆவியாவதால்தான் குளிர்கிறது. பள்ளிப் பாடம்தான், ஆனால் திருவான்மியூரில் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் குடியிருந்தால்தான் அது புரியும். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துப் போகும். தாடையிலிருந்து சொட்டித் தரையில் விழும் துளியோ எதையும் எடுத்துப் போவதில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் பெரும்பகுதி இப்படிச் சொட்டியே வீணாகிறது. உடம்பு விடாமல் உழைக்கிறது, பலன் இல்லை. வானிலைத் துறைக்கும் இது தெரியும். வெப்ப அலை என்று அறிவிக்கச் சமவெளியில் 40 டிகிரி வேண்டும், கடலோரத்தில் 37 போதும். இரண்டு இடத்திலும் வழக்கத்தைவிட நாலரை டிகிரியாவது கூடியிருக்க வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. கடற்கரைக்காரனுக்கு மூன்று டிகிரி சலுகை!

எங்கள் அடுக்ககத்துக்கு நாக்பூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பம் லாரியில் பெரிய ஏர்கூலர் ஒன்றைக் கொண்டுவந்தது. அங்கே 45 டிகிரியில் அவர்களைக் காத்த தெய்வம் அது. வறண்ட காற்று ஈரத் தட்டியின் வழியாக நுழையும்போது தண்ணீர் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கிறது. அந்தக் காலத்து வெட்டிவேர்த் தட்டியும் இதே வேலையைத்தான் செய்தது. இங்கே அதை ஓட விட்டதும் அறையில் புழுக்கம் இரட்டிப்பானது, மெத்தை விரிப்பு பிசுபிசுத்தது, அலமாரிக் கதவு உப்பி மூட மறுத்தது. ஜூன் மாதத்தில் அந்தக் கூலரின் மேல் பழைய செய்தித்தாள் அடுக்கியிருந்தார்கள். ஓர் ஊரில் உயிர் காத்த அறிவு இன்னோர் ஊரில் இடத்தை அடைக்கும் சாமானாகிவிடுகிறது. புலம்பெயர்வைப் பற்றி எவ்வளவோ படிக்கிறோம், இந்தச் சின்ன அவமானத்தை யாரும் எழுதுவதில்லை.

உடம்பைப் பொறுத்தவரை "பழகிடும்" என்பது மருத்துவமும் ஒப்புக்கொள்கிற உண்மை. தினமும் கொஞ்ச நேரம் சூட்டில் உழைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு தன் கணக்கை மாற்றிக்கொள்கிறது. ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது, இதயம் முன்னைவிட நிதானமாகத் துடிக்கிறது, வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது. உடம்பு அவ்வளவு வேகமாகக் கற்றுக்கொள்கிறது; கழுத்தில் வேர்க்குருவும் பவுடர் டப்பாவுமாக நாம்தான் வருடக்கணக்கில் புலம்பிக்கொண்டிருக்கிறோம். ஆனால் கற்றதை உடம்பு அதே வேகத்தில் மறந்தும் விடும். சில வாரங்கள் சூடு படாமல் இருந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆக ஏசி வீடு, ஏசி கார், ஏசி அலுவலகம் என்று வாழ்பவர் இருபது வருடம் இங்கே இருந்தாலும் உடம்பளவில் நேற்றுத்தான் எழும்பூரில் வந்து இறங்கியவர். எங்கள் படுக்கையறையிலும் ஒரு ஏசி உண்டு. இரவு முழுக்க அது சந்தில் துப்பும் சூடு எதிர்வீட்டு ஜன்னலுக்குப் போகிறது என்பதும் எனக்குத் தெரியும்.

அடுப்படிதான் என்னைச் சென்னைக்காரியாக்கியது. கோவையில் மார்கழிக் குளிரில் அம்மா மாவுப் பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி அடுப்பு மேடையின் மூலையில் வைப்பாள். ராத்திரி அரைத்த மாவு விடிந்த பிறகும் அசையாமல் இருக்கும். இங்கே மே மாதத்தில் சாயங்காலம் அரைத்து மூடி வைத்தால், தூங்கப் போகும் முன்பே மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையில் வழியும். காலையில் தோசையில் புளிப்பு பல்லைக் கூசவைக்கும். "அம்மணி, உப்பைக் கடைசில போடு, அரைக்கறப்ப ஐஸ் தண்ணி ஊத்து, நாலு மணி நேரத்துல தூக்கி உள்ள வெச்சுரு" என்று கோவையிலிருந்தே அம்மா போனில் சொன்னாள். அவள் சென்னையில் ஒரு கோடைகூட இருந்ததில்லை. "உனக்கெப்படிம்மா தெரியும்?" என்றால், "மாவு எல்லா ஊர்லயும் மாவுதானே கண்ணு, சூடு பட்டாப் பொங்குது" என்றாள்.

கல் உப்பு ஜாடியின் அடியில் கசிந்து நின்றது. பொரித்த அப்பளம் சாதம் பரிமாறி முடிப்பதற்குள் நமுத்தது. கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்தும் கேட்டின் கீல் துரு ஏறி முனகியது. ஒவ்வொன்றுக்கும் இங்கே ஒரு கைவைத்தியம் இருக்கிறது: உப்பில் நாலு அரிசி, அப்பளத்துக்குக் காற்றுப் புகாத டப்பா, கீலுக்கு எண்ணெய். ஊர் பழகுவது என்றால் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். பெரிய மன மாற்றமெல்லாம் இல்லை, இப்படி ஐம்பது அற்பமான காரியங்களின் நேரத்தையும் அளவையும் கை மாற்றிக்கொள்வது.

நேரம் என்றதும் பக்கத்து வீட்டு அக்கா ஞாபகம் வருகிறார். பிறந்து வளர்ந்ததெல்லாம் மயிலாப்பூர். மே மாதத்தில் அவர் தெர்மாமீட்டரைப் பார்க்க மாட்டார், தென்னை ஓலையைப் பார்ப்பார். "ஒரு மணிக்குள்ள கடல்காத்து வந்துட்டா தப்பிச்சோம்மா. வரலைன்னா இன்னைக்கு அவ்ளோதான்." எனக்கு முதலில் இது ஜோசியம் மாதிரிப் பட்டது. ஆனால் சென்னைக் கோடையின் முழு விஷயமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. நிலம் சூடேறச் சூடேற அதன் மேலிருக்கும் காற்று எழும்புகிறது, அந்த இடத்துக்குக் கடல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. மே, ஜூனில் மேற்கிலிருந்து அடிக்கும் வறண்ட நிலக்காற்று பலமாக இருந்தால் இதைக் கரையிலேயே மறித்து நிறுத்திவிடும். அன்றைக்கு நகரம் வேகும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. கடல்காற்று வந்துவிட்டாலோ அரை மணியில் சூடு மளமளவென்று இறங்கும். இறங்கும், ஆனால் அந்தக் காற்றே கூடையோடு ஈரத்தையும் கொண்டுவந்து கொட்டும். இந்த ஊரில் சலுகையும் தண்டனையும் ஒரே ஜன்னல் வழியாகத்தான் வருகின்றன.

அந்த ஓலை அசைவதை வைத்துத்தான் அக்காவின் பகல் நடக்கிறது. காய் நறுக்குவது, குழம்பு கொதிப்பது எல்லாம் எட்டரைக்குள். பதினொன்றுக்கு மேற்கு ஜன்னல்கள் சாத்தி, திரை இழுத்தாகிவிடும். காற்று திரும்பிய பிறகு கிழக்கு ஜன்னல்கள் திறக்கும். கோவையில் ஜன்னலைப் பகலில் மூடி வைப்பது என்பது துக்க வீட்டு வழக்கம். இங்கே அது குடும்ப நிர்வாகம்.

பருவங்களின் வரிசை மாறிப்போனது வேறு விஷயம். கோவையில் ஆனி, ஆடி என்றால் மலையைத் தாண்டி வரும் தென்மேற்குக் காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர் எங்கள் பல்லடம், உடுமலைப் பக்கத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும். இப்போது அங்கே அந்தக் காற்றை நம்பிக் காற்றாலைகள் நிற்கின்றன. மேகம் மூடி, தூறல் தெளித்து, சமையலறை ஜன்னல் படபடவென்று அடிக்கும் அந்த மாதங்களில் சென்னை இன்னும் வியர்த்துக்கொண்டிருக்கும். அக்னி நட்சத்திரம் மே 28 வாக்கில் முடிந்துவிட்டது என்று நாள்காட்டி சொல்லும், வெயிலுக்கு அந்தச் செய்தி எட்டியிருக்காது. சூரியன் இந்த ஊரின் உச்சந்தலைக்கு நேராக வருவது ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு முறை, ஆகஸ்ட் நடுவில் இன்னொரு முறை.

தமிழில் பெரும்பொழுது ஆறு என்று படித்தோம். அந்தக் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில், அதாவது கத்திரி வெயில் முழுக்க இளவேனிலில் வருகிறது. அதை வகுத்தவரை மே மாதம் பாரிமுனை பேருந்து நிறுத்தத்தில் நிற்க வைக்க ஆசைதான். ஆனால் ஆவணி, புரட்டாசியைக் கார்காலம் என்றாரே, அது இங்கே பொருந்துகிறது. பகலெல்லாம் புழுங்கி, மாலையில் மேற்கே கறுத்து, ராத்திரி இடியோடு ஊற்றும் மழை. பெருமழை அதற்குப் பிறகு ஐப்பசி, கார்த்திகையில். ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்யும் ஊரில் பாதிக்கு மேல் அந்த வடகிழக்குப் பருவத்தில்தான். 2015 வெள்ளத்துக்குப் பிறகு நவம்பர் மாதத்தை யாரும் அழகு என்று மட்டும் சொல்வதில்லை. காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துகிறார்கள்.

வசதி உள்ளவர்கள் பருவத்துக்குப் பழகுவதில்லை, இடத்தை மாற்றுகிறார்கள். 1819இல் நீலகிரிக்கு ஏறிய ஜான் சல்லிவன் கோயம்புத்தூரின் கலெக்டர். நான் ஏங்குகிற ஊரே அவருக்கு ஆகவில்லை! பிறகு மதராஸ் அரசாங்கமே கோடையில் ஊட்டிக்குப் போய் உட்கார்ந்தது. மலைக்குப் போக முடியாத துரைமார்களுக்காக 1840களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலில் வந்து, கடற்கரை ஐஸ்ஹவுஸில் இறங்கியது. 1897இல் விவேகானந்தர் தங்கியதும் அந்தக் கட்டடத்தில்தான். உயர் நீதிமன்றத்துக்கு இன்றும் மே மாதம் விடுமுறை. இந்த ஊரின் வெயில் தாங்க முடியாதது என்று அதிகாரம் ஒருபோதும் சந்தேகப்பட்டதில்லை. மற்றவர்கள் தாங்குவார்கள் என்பதிலும் அதற்குச் சந்தேகம் வந்ததில்லை.

எங்கள் தெருமுனையில் ஓர் அடுக்ககம் எழும்புகிறது. வேலை செய்பவர்களில் பாதிப் பேர் பீகார், ஒடிசாப் பிள்ளைகள். மே மாதம் பதினொன்றரைக்கு மேல் கம்பி கட்டுகிற பையன் கையுறை இல்லாமல் கம்பியைத் தொட முடியாமல், ஈரச்சாக்கைச் சுற்றிப் பிடிக்கிறான். மேஸ்திரியிடம் கேட்டேன். "அவங்களுக்கெல்லாம் பழகிடுச்சும்மா." உடம்பு பழகுவதற்கு ஓர் எல்லை உண்டு. ஆவியாக முடியாத வியர்வையைப் பழக்கத்தால் ஆவியாக்க முடியாது. தமிழகத்து உப்பளத் தொழிலாளர்களை ஆராய்ந்தவர்கள், வெயிலும் போதாத தண்ணீரும் சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதை எழுதியிருக்கிறார்கள். பெண்கள் கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருப்பதும் உண்டு. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தால் குடும்பத்துக்கு நான்கு லட்சம். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரை முதல் மூன்று வரை வெட்டவெளி வேலைக்குச் சட்டப்படியே தடை. நம்மூரிலிருந்து அங்கே கொத்து வேலைக்குப் போகிறவருக்கு வெயில் நேரத்தில் நிழல் உண்டு. இங்கே நமக்கு வருவது, மதிய வேளையில் வெளியே செல்வதைத் தவிர்க்கவும் என்ற அறிவுரை.

விடியற்காலையில் தொடங்கி வெயிலுக்கு முன் முடித்துவிடலாமே என்று மேஸ்திரியிடமே கேட்டேன். மே மாதம் ஐந்தரைக்கே வெளிச்சம் வந்துவிடுகிறது. அவர் சிரித்தார். "நாங்க ரெடிம்மா. உங்க ஆளுங்கதான் எட்டு மணிக்கு முன்னாடி சத்தம் போடக்கூடாதுன்னு லெட்டர் குடுத்திருக்காங்க." விசாரித்தால் உண்மை. சுற்றியுள்ள அடுக்ககங்களின் சங்கங்கள் சேர்ந்து எழுதிய கடிதம். எங்களுடையதும் அதில் ஒன்று. மிக்ஸர் சத்தத்தில் பிள்ளைகள் எழுந்துவிடுகிறார்களாம். ஏசி போட்டு ஜன்னல் சாத்தின அறைகளில் தூங்கும் பிள்ளைகள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் இதை எடுத்தோம். அக்கா குரலை உயர்த்தாமல், ஐந்தரைக்குத் தொடங்கி பதினொன்றுக்கு நிறுத்தட்டும், மீதியைச் சாயங்காலம் கடல்காற்றில் செய்யட்டும் என்றார். நெடுநேரம் வாக்குவாதம். யாரோ சொத்து மதிப்பு என்றார், யாரோ தேர்வு நேரம் என்றார். கடைசியில் ஏழு மணி என்று முடிவானது, ஞாயிறு நீங்கலாக. ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது. அடுத்த கூட்டம் ஜூலையில். அதற்குள் அந்தக் கட்டடத்துக்கு நான்காவது தளம் போட்டுவிடுவார்கள்.