கந்தையும் அலங்காரமும்

வெறும் வெள்ளை டி-ஷர்ட் ஒன்றை மடியில் விரித்து, தையற்கடையில் கழித்துப்போட்ட சீட்டித் துண்டில் ஒரு மீனையோ மாவிலையையோ கத்தரித்தெடுத்து, அதன் ஓரத்தைக் கால் அங்குலம் உள்ளே மடித்து, மார்புப் பக்கத்தில் பொருத்தி ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டிருக்கும் பெண்ணைப் பார்த்து, ‘கிழியாத சட்டைக்கு ஒட்டு எதற்கடி?’ என்று வீட்டுப் பாட்டி கேட்பாளாயின், அதை வெறும் பரிகாசமென்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. மானத்தைக் காக்கவும் குளிரைத் தடுக்கவும் போதுமான ஓர் ஆடையின்மேல் மனிதன் இன்னொன்றை வைத்துத் தைப்பது அகங்காரத்தை வளர்ப்பதா, அல்லது சிருஷ்டியின் இன்பத்தில் தானும் ஒரு பங்கு கொள்வதா என்பது சமயச் சிந்தனையாளர் நெடுங்காலமாக விசாரித்துவரும் பிரச்சினை. இதில் விசித்திரம் என்னவெனில், ஒட்டுத்துணியைப் பற்றி மிகுந்த சிரத்தையோடு ஆலோசித்தவர்கள் அலங்காரப் பிரியர்கள் அல்லர், சகலத்தையும் துறந்தவர்களே.

மகத நாட்டு வயல்கள் வரப்புகளால் கட்டங்கட்டமாகப் பகுக்கப்பட்டுக் கிடந்ததைக் கண்ட புத்தர், பிக்ஷுக்களின் சீவரத்தை அவ்விதமே அமைக்க முடியுமா என்று ஆனந்தரைக் கேட்டாரென்றும், ஆனந்தர் அவ்வாறே தைத்துக் காட்டினாரென்றும் விநய நூல் கூறுகிறது. கத்தி பட்டுத் துண்டான துணியைப் பிறர் இச்சிக்கமாட்டார்கள். துறவிக்கு அதுவே தகும் என்பது அங்கே சொல்லப்படும் காரணம். காரணம் வைராக்கியந்தான், ஆயினும் துணியின் மதிப்பைக் குறைப்பதற்கு எப்படி வெட்டினாலும் போதுமே, விளைந்த வயலின் வடிவத்தை ஏன் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று யோசிக்கும்போது, அழகை முழுவதும் வெளியேற்றிவிட அந்த மகானுக்கும் சம்மதமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சீவரம் ஜப்பானுக்குப் போய் ‘கெசா’ என்று பெயர் பெற்றது. நாரா நகரத்தின் ஷோசோயின் பொக்கிஷசாலையில் ஷோமு சக்கரவர்த்தியின் கெசா இருக்கிறது. அவர் காலமான 756இல் அவருடைய மனைவி தோதாய்ஜி ஆலயத்துக்குச் சமர்ப்பித்த பொருள்களுள் ஒன்று அது. பட்டுத் துண்டுகளை ஒழுங்கற்ற வடிவங்களாகச் சேர்த்து, கந்தலின் தோற்றம் வரும்படி நெருக்கித் தைத்திருக்கிறார்கள். பட்டாலான கந்தல்! வேஷமென்று சொல்ல நாக்கு எழுகிறது. ஆனால் அரியணையை மகளுக்குக் கொடுத்துவிட்டுத் துறவு பூண்ட மனிதரை அப்படிச் சொல்வதும் நியாயமாகாது.

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் எடுத்துப் பேசியவர், லாகூரில் அடங்கியிருக்கும் ஸூஃபி ஞானி ஹுஜ்வீரி. பதினோராம் நூற்றாண்டில் பாரசீக மொழியில் அவர் இயற்றிய ‘கஷ்ஃபுல் மஹ்ஜூப்’ என்னும் நூலில், ஃபக்கீர்கள் அணியும் ஒட்டங்கிக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. ஊசி எங்கே வெளிப்படுகிறதோ அங்கே இழுத்துத் தைத்தால் போதும், நேர்த்தி பார்க்கலாகாது என்பது ஒரு சாராரின் கட்சி. தையல் நேராகவே இருக்கவேண்டும், செயலின் ஒழுங்கு உள்ளத்தின் ஒழுங்கைக் காட்டும் என்பது மற்றொரு சாராரின் கட்சி. ஏழ்மை என்னும் பதவிக்கு ஒருவன் தகுதி பெற மிகக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்று தூஸ் நகரத்தில் தம் ஆசான் அபுல் காஸிம் குர்கானியை ஹுஜ்வீரி வினவினார். ஒட்டைச் சரியாகத் தைக்கவும், சொல்லைச் சரியாகக் கேட்கவும், பூமியில் காலைச் சரியாக ஊன்றவும் தெரியவேண்டும் என்று பெரியவர் விடையிறுத்தார். இதற்குச் சீடர்கள் ஆளுக்கொரு வியாக்கியானம் செய்தார்கள். வறுமைக்காகத் தைத்தது கோணலானாலும் சரியான ஒட்டே, பிறர் காணத் தைத்தது அப்படியன்று என்பது ஹுஜ்வீரியின் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பின் உயர்வை நான் மறுக்கவில்லை. எனினும் எல்லாவற்றையும் நோக்கத்தில் ஒப்படைத்துவிட்டுக் கையை அவர் சற்று அவசரமாக விடுதலை செய்துவிட்டாரோ என்று ஐயுறுகிறேன். ஆசான் முதலாவதாக வைத்தது கைவேலையை அல்லவா? டி-ஷர்ட்டின் பின்னல் துணி இழுத்த இழுப்புக்கு நீளும், சீட்டியோ நீளாது. நூலை இறுக்கினால் மார்பு முழுதும் சுருங்கிப் போகும், தளர விட்டால் ஒட்டு தொங்கும். இரண்டையும் முன்னதாக நனைத்து உலர்த்தாதவன், முதற்சலவையிலேயே அவை ஒன்றோடொன்று பிணங்குவதைக் காண்பான். இத்தனை நுட்பங்களுக்கும் பொறுமையோடு கட்டுப்பட்டுத் தைக்கிறவனுடைய மனம், தைத்து முடிக்கும்வரையிலேனும், ‘என்னைப் பார்’ என்று சொல்ல அவகாசம் பெறுவதில்லை. எறியப்படவிருந்த துணியும் ஒரு பயன் பெறுகிறது.

கிழியாத சட்டையில் தைத்த மீன், தான் அலங்காரம் என்பதை ஒளிக்கவில்லை. ஏழ்மையின் கோலத்தை அது கடன் வாங்கவும் இல்லை. ஆகவே அதில் யான் தோஷம் காணேன். நல்ல துணியை ஆலையிலேயே தேய்த்துக் கிழித்து, அதற்கு ஒட்டும் போட்டு, விலை பேசி விற்கிறார்களே, ஹுஜ்வீரி கண்டித்த ஒட்டு அதுதான்.