நஷ்டத்தில் முதற்பங்கு யாருக்கு?

அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் காப்பி நிறுவனத்தின் நிகர இலாபம் 2007ஆம் கணக்காண்டில் சுமார் 67 கோடி டாலர். 2008இல் அது 31 கோடியாகச் சரிந்தது. 2009 ஜனவரியில் மேலும் 300 கடைகளை மூடுவதாக அறிவித்தபோது, தலைவர் ஹவார்ட் ஷுல்ட்ஸ் 12 இலட்சம் டாலராக இருந்த தம் அடிப்படைச் சம்பளத்தைப் பத்தாயிரத்துக்கும் கீழே குறைத்துக்கொள்ள முன்வந்தார். செல்வரான அவருக்கு அது பெரிய இழப்பன்று. எனினும் முறை நன்று.

வியாபாரிகளாகிய நாம் என்ன செய்கிறோம்? வியாபாரம் மந்தமானதும் சிப்பந்திகளை அழைத்துச் சம்பளக் குறைப்புக்குச் சம்மதம் கேட்கிறோம். அவர்களும் தலையசைக்கிறார்கள். வேலை போய்விடுமோ என்னும் அச்சத்தில் அசைந்த தலை சம்மதமாகுமா?

இலாப ஆண்டில் பங்கு பெறாதவனிடம் நஷ்டத்தில் பங்கு கேட்குமுன், கணக்கை அவன் எதிரில் விரிப்போம். நம் சொந்தப் பற்றை முதலில் குறைப்போம். குறைத்ததைத் திருப்பித் தரும் நாளையும் சொல்வோம். அதன்பின் அவன் சொல்லும் 'சரி'தான் சம்மதம்.