அஸ்தேயமும் கணினித் திரையும்

பிறர் பொருளைக் கவர்வது மட்டுமன்று, தனக்கு அப்போதைக்குத் தேவையில்லாததைத் தன்வசம் வைத்துக்கொள்வதும் களவே என்று, 1930-இல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமவாசிகளுக்கு எழுதிய கடிதங்களில் காந்தியடிகள் விளக்கிய அஸ்தேய விரதம், கண்ணுக்குப் புலப்படாத மின்சாரத்துக்கும் பொருந்துமா? பொருந்தும் என்பதே என் அபிப்பிராயம்.

மத்தியான வேளையில் ஆளில்லாத அலுவலகத்தினுள் நுழைந்தால், காலி நாற்காலிகளுக்கு எதிரே, திரைகளில் வர்ண மீன்கள் நீந்திக்கொண்டிருப்பதைக் காணலாம். பழைய குழாய்த் திரைகளில் ஒரே பிம்பம் நின்று தழும்பு விழாதிருக்க ஏற்பட்ட அந்த அலங்காரம் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதாக நம்புவோர் இன்றும் உண்டு. (அந்த மீன்களுக்கும் விளக்கு எரிந்தாக வேண்டுமே!) பத்து நிமிஷம் எவரும் தொடாவிடில் திரை அணையவும், அரைமணியில் இயந்திரம் உறங்கவும் அமைத்துவிட்டால், நினைவகத்துக்குச் சொற்ப மின்சாரம் மட்டும் ஓட, விட்ட வேலை விட்ட இடத்திலேயே காத்திருக்கும்.

இயந்திரம் தானே அணைந்தால் மனிதனுக்கு அதில் புண்ணியம் ஏது என்று ஒரு வேதாந்தி கேட்கக்கூடும். விரதத்தின் ஜீவன் சங்கல்பத்தில் இருக்கிறது. அதை மறதி தீண்டாதபடி இயந்திரத்திடம் ஒப்படைப்பவன், தன் பலவீனத்தை அறிந்த விவேகியே. ஆதலின், மின்கட்டணத்தை யார் செலுத்தினாலும் சரி, இன்றே அமைப்புகளைத் திறந்து அந்த நிமிஷங்களைக் குறித்துவிடுங்கள்.