தூண்டிலும் பொழுதுபோக்கும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் வாரம் முழுதும் உழைப்பவர், விடுமுறை நாளில் மனைவி மக்களுடன் பழவேற்காட்டு ஏரிக்கரை சென்று தூண்டில் போடுவாராயின், அதனைக் குறைகூற நாம் முன்வரவில்லை. உடலுக்கு ஓய்வும் ஓர் உரிமையே. உண்ணும் எண்ணமே இல்லாமல் மீன் பிடிப்பது ஆகுமா என்பதே நம் வினா.

மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் கடல் வேட்டையை ஆகுமாக்கும்போது, அது உங்களுக்கும் பிரயாணிகளுக்கும் பயன்தரும் பொருள் என்ற கருத்தைச் சேர்த்தே கூறுகிறது. ஆகவே வெளியூரிலிருந்து வருபவருக்கும் மீனில் பங்குண்டு. அங்கு வரும் ‘மதாஉ’ என்னும் அரபுச் சொல் நுகர்பொருளைக் குறிக்கும், விளையாட்டைக் குறிக்காது. வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவியும் மறுமையில் முறையிடும் என்னும் நபிமொழி நஸாயீயில் பதிவாகியுள்ளது. குருவிக்குள்ள நியாயம் மீனுக்கு இல்லாமற் போகுமோ?

‘பிடித்ததைத் திரும்ப நீரில் விட்டுவிடுகிறோமே’ என்பர் சிலர். மேனாடுகளில் இது பெரும் பொழுதுபோக்கு. சிறு குஞ்சு தற்செயலாய் அகப்பட்டால் விடுவது இரக்கம். விடுவதற்கென்றே பிடிப்பதோ, முள் கிழித்த வாயோடு ஓர் உயிரை அனுப்பிவைப்பதாகும். உணவுமில்லை, தேவையுமில்லை, வேதனை மட்டும் மிச்சம்.

பழவேற்காட்டில் மற்றொன்றும் உண்டு. அவ்வேரியின் மீனவர்கள் ‘பாடு’ என்னும் முறைப்படி, இன்ன இடத்தில் இன்னார் இன்ன நாளில் வலை கட்டலாமெனத் தமக்குள் பங்கிட்டு வந்துள்ளனர். வயிற்றுப்பாட்டுக்காரரே தம் முறைக்குக் காத்திருக்கும் நீர் அது. விருந்தாளி அங்கே தூண்டிலை வீசுமுன், அருகிலுள்ள மீனவரிடம் ஒரு சொல் கேட்டால் என்ன?